ஒரு மணி அக்காவும் பசிக்காத அண்ணியும்

மேடையில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய தயாரிப்பாளர் அவர்களே! அவருக்கு வலப்பக்கம் அமர்ந்து, நிகழ்ச்சி நிரல் தாளுக்குப் பின்னால் கைப்பேசி பார்த்துக்கொண்டிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! நான் என்ன உளறப்போகிறேனோ என்று இப்போதே நெற்றியைப் பிடித்துக்கொண்டுவிட்ட இயக்குநர் அவர்களே! தொலைக்காட்சி நிலையத்திலிருந்து வருகை தந்திருக்கும் நிகழ்ச்சி அதிகாரி அவர்களே! எனக்கு முன் பேசிய ஆறு பேரையும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தாங்கிக்கொண்ட பெருமக்களே! கடைசி இரண்டு வரிசைகளை நிறைத்திருக்கும் டப்பிங் சகோதரிகளே! முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் அன்பு மகளே! அனைவருக்கும் வணக்கம்.

இரங்கல் கூட்டத்தில் பேசுகிறவன் முதலில் தன் துக்கத்தைச் சொல்வான். நான் முதலில் என் அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே வைத்துக்கொண்டு பேசினால் தொண்டை அடைக்கும்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அக்காவின் மகள் என்னை அழைத்தாள். "அங்கிள், அம்மா போயிட்டாங்க" என்றாள். இருபது ஆண்டுகளாகச் சாவு வசனம் எழுதிக் கைதேர்ந்தவன் நான். என் வாயிலிருந்து என்ன வந்தது? "ஐயோ" வந்ததா? "எப்படிம்மா?" வந்ததா? இல்லை! "எத்தன எபிசோட் பேசி முடிச்சு வச்சிருக்காங்க?" என்று கேட்டேன்.

 அந்தப் பெண் சொன்னாள்: "தெரியல அங்கிள். நான் அவங்க பொண்ணு, மேனேஜர் இல்ல."

அம்மா, இந்தச் சபையின் முன் மன்னிப்புக் கேட்கிறேன். நீ ஆறுதல் அடைய ஒரே ஒரு தகவல். நான் தயாரிப்பாளருக்குச் செய்தி சொன்னபோது அவரும் அதையேதான் கேட்டார். இயக்குநரும் அதையேதான் கேட்டார். நிலையத்து அதிகாரி மட்டும் வேறு மாதிரி கேட்டார். "யாரு அவங்க?" என்றார்.

யார் அவர்? ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு எபிசோடுகளாக ஓடிக்கொண்டிருக்கும் நம் தொடரின் நாயகி பெரிய அண்ணி. அந்தப் பெரிய அண்ணிக்குக் குரல் கொடுத்தவர் நம் அக்கா. அண்ணியின் முகம் வேறொருவருடையது. அண்ணியின் அழுகை, பெருமூச்சு, விக்கல், மன்னிப்பு அனைத்தும் அக்காவுடையவை. அவற்றையெல்லாம் எழுதித் தள்ளிய பாவி நான்.

அதிகாரி அவரை அறியாததில் வியப்பில்லை. என் தலைக்கு மேல் தொங்குகிற பதாகையைப் பாருங்கள். பார்த்தவர்கள் பார்க்காதது போலவே இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். "கண்ணீர் அஞ்சலி" என்று எழுதி, கீழே அண்ணி வேடம் போடுகிற நடிகையின் படத்தை அச்சிட்டிருக்கிறார்கள்! அந்த அம்மையார் மூன்றாவது வரிசையில், தன்னுடைய அஞ்சலிப் படத்துக்கு நேர் எதிரே, நல்ல ஆரோக்கியத்துடன் அமர்ந்திருக்கிறார். உள்ளே வந்ததும் பதாகையைப் பார்த்துவிட்டு, "சார், என்னத் தூக்கிட்டீங்களா? ஸ்கிரிப்ட்ல சொல்லவே இல்லையே!" என்று என்னிடம் கேட்டார். தொழில் பயம்! பத்தொன்பது ஆண்டுகள் நம்மிடம் வேலை செய்த அக்காவின் ஒரு புகைப்படம்கூட நம் அலுவலகத்தில் இல்லை. மகள் காலையில் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம்தான், இதோ, இந்த நாற்காலியில் இருக்கிறது. நான்காம் வரிசைக்கு அப்பால் இருப்பவர்களுக்குத் தெரியாது. குரலை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். அவரும் அதைத்தான் விரும்புவார்.

எனக்கு முன் பேசியவர்கள் அக்காவுக்குப் பட்டங்கள் கொடுத்தார்கள். "தியாகச் சுடர்" என்றார் ஒருவர். "தன்னலம் அறியாத் தாய்மை" என்றார் இன்னொருவர். "அண்ணியைப் போலவே வாழ்ந்தவர்" என்று சங்கத் தலைவர் தழுதழுத்தார். நான் கேட்கிறேன். அக்கா தியாகம் செய்தாரா? எப்போது செய்தார்? எந்த நாளில், எந்த அறையில், யார் பார்த்தது? கூசாமல் பொய் சொல்ல நாம் என்ன தொடரா எடுக்கிறோம் இங்கே?

டப்பிங் தியேட்டரில் அவருக்கு வழங்கிய பெயர் வேறு. ஒரு மணி அக்கா! சுவரில் கடிகாரம் தேவையில்லை. அக்கா ஹெட்போனைக் கழற்றினால் மணி ஒன்று. அண்ணியின் கணவன் லாரியில் அடிபட்டுக் கிடக்கட்டும், அண்ணியின் குழந்தை காணாமல் போகட்டும், ஒரு மணி என்றால் ஒரு மணி. வெளியே வந்து, சன்னலோரம் இருக்கும் மேசையில் தன் டிபன் பாக்ஸைத் திறந்து, மூன்று அடுக்கையும் வரிசையாக வைத்து, நிதானமாகச் சாப்பிடுவார்.

ஒரு நாள் அண்ணியின் மாமியார் உயிருக்குப் போராடும் காட்சி. அன்று மாலையே ஒளிபரப்பு. அண்ணி வாய்விட்டு அலற வேண்டும். அக்கா அலறிக்கொண்டிருக்கிறார். பாதி அலறலில் ஒரு மணி அடித்தது. அலறல் அப்படியே நின்றது. இயக்குநர் கண்ணாடிக்கு வெளியிலிருந்து ஓடி வந்தார்.

"அக்கா, அக்கா, பாதி அழுகைல விட்டுட்டுப் போறீங்களே!"

"மீதி ரெண்டு மணிக்கு."

"மாமியார் சாகக் கெடக்கறாங்கக்கா!"

"அவங்க முப்பது எபிசோடா சாகக் கெடக்கறாங்க. இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கட்டும்."

"அண்ணி நாலு நாளா பச்சத் தண்ணி குடிக்காம ஆஸ்பத்திரில உக்காந்திருக்கு. அந்த ஃபீல் விட்டுப்போயிடும்க்கா."

"அவ நாலு நாளா சாப்பிடல. அந்த வீட்டுல இருக்கற பதினாலு பேர்ல ஒருத்தனும் ஏன்னு கேக்கல. எனக்கு அந்தக் குடும்பம் இல்ல சாமி. வழிய விடு."

அந்த டிபன் பாக்ஸை யாரும் தொட முடியாது. நான் ஒரு முறை நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று, "வாசனை தூக்குதேக்கா" என்று அடி போட்டுப் பார்த்தேன். "வசனம், உனக்குப் பசிச்சா உன் பாக்ஸக் கொண்டு வா" என்றார். என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். வசனம். சில நாள் கோபம் வந்தால், "ஏய் பழைய வசனம்."

பெருமக்களே, இப்படிப்பட்ட ஒருவரைத் தியாகச் சுடர் என்றால் அந்த நாற்காலியிலிருந்து படம் குதித்து வந்து உங்களை அறையாதா?

ஆனால் நாம் எழுதிய அண்ணி இருக்கிறாளே, அவள்தான் சுடர்! அவள் என்னவெல்லாம் கொடுத்தாள் என்று நினைவிருக்கிறதா? கொழுந்தன் படிக்கத் தன் படிப்பைக் கொடுத்தாள். ஓரகத்திக்குத் தன் குழந்தையைக் கொடுத்தாள். தங்கைக்காகக் கட்டின புருஷனையே பாதி நாள் கொடுத்தாள். மாமியாருக்குச் சிறுநீரகம் கொடுத்தாள். அதற்குப் பிறகு மாமனாருக்கும் சிறுநீரகம் பழுதானபோது, கதை விவாத அறையில் அரை மணி நேரம் யோசித்தோம். "ரெண்டாவதையும் கொடுக்க வச்சிடலாம்" என்றார் ஒருவர். "செத்துடுவாங்களே" என்றார் இன்னொருவர். "அப்ப வேணாம், தொடர் நின்னுடும்" என்று முடிவானது. பெண்ணின் உயிரைத் தமிழ்கூறும் கதாசிரியர்கள் இப்படித்தான் காப்பாற்றினோம்!

அந்த விவாத அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு ஆண்கள். நடுவில் ஒரு மேசை. மேசை நிறையத் தீனி. பிஸ்கட் தீர்ந்தால் கேக், கேக் தீர்ந்தால் வறுத்த கடலை. வாய் நிறைய அடைத்துக்கொண்டு, "இன்னிக்கும் அண்ணி சாப்பிடாமலே படுத்துடறாங்க" என்போம். தின்றுகொண்டே அவளைப் பட்டினி போட்டோம். ஒரு நாளாவது எங்களுக்கு உறைத்ததா? கடலைத் தோல் சட்டையில் விழுந்ததுதான் உறைத்தது.

ஏன் இந்தத் தியாகம்? பெண் இனத்தின் மீது எங்களுக்குள்ள பக்தியா? போங்கள் ஐயா! சோம்பேறித்தனம். ஒன்றை விரும்புகிற பெண்ணுக்கு வசனம் யோசிக்க வேண்டும். அவளுக்கு என்ன வேண்டும், ஏன் வேண்டும், கிடைக்காவிட்டால் என்ன செய்வாள் என்று மூளையைக் கசக்க வேண்டும். ஒன்றுமே வேண்டாத பெண்ணுக்கு ஒரே ஒரு சொல் போதும். "பரவாயில்ல." சிறுநீரகமா? பரவாயில்ல. புருஷனா? பரவாயில்ல. காபி கொட்டிவிட்டதா? பரவாயில்ல. மூன்றாம் ஆண்டிலேயே அக்காவுக்கு அலுத்துவிட்டது. ஒலிப்பதிவாளரைக் கூப்பிட்டு, "தம்பி, ஒரே ஒரு பரவாயில்ல நல்லதா சொல்றேன். அத எடுத்து வச்சுக்கோ. வேணுங்கற எடத்துல நீயே ஒட்டிக்கோ" என்றார். அன்றிலிருந்து நீங்கள் கேட்பது அந்த ஒரே பரவாயில்லதான். நாடே உருகிய அந்தச் சிறுநீரகக் காட்சியில் ஒலித்தது, ஒரு தட்டு உடைந்ததற்காகப் பதிவு செய்த பரவாயில்ல!

நிஜ வாழ்க்கையில் அந்தச் சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அழுகைக்கும் எண் போட்டு வைத்திருந்தார். ஒன்றாம் எண், மூச்சு மட்டும் நனையும். இரண்டு, எச்சில் விழுங்குவது. மூன்று விசும்பல், நான்கு தேம்பல், ஐந்து வாய்விட்டு. நான் வசனத்தாளின் ஓரத்தில் எண்ணை எழுதிவிடுவேன். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "சேல மடிக்கறதுக்கு நாலாம் நம்பரா? உனக்கு வீட்ல ஏதும் பிரச்சனையாப்பா?" என்பார்.

இந்த வரிசையில் இன்னும் ஒன்று. நல்ல பெண்ணுக்கு நம் தொடரில் சளி பிடிக்காது, கால் மரத்துப்போகாது, தலைவலி வராது. வந்தால் நேராகப் புற்றுநோய்தான். நல்ல பெண்ணுக்குத் தோழி கிடையாது. அவள் உட்காருகிற ஒரே நாற்காலி ஆஸ்பத்திரி வராந்தாவில் இருக்கிறது. சாப்பிடுகிறவள் யார்? வில்லி! அவள் மட்டும்தான் ஆப்பிளைக் கத்தியால் வெட்டி வெட்டித் தின்றுகொண்டே திட்டம் போடுவாள். வாயில் எதையாவது போட்டு மெல்லுகிற பெண் தீயவள் என்று ஒரு தலைமுறைக்கே பாடம் நடத்திவிட்டோம்.

அக்கா என்ன செய்தார் என்று சொல்கிறேன். நம் டப்பிங் தியேட்டர் தையற்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருக்கிறது. அங்கே பெண்களுக்கான கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். துணைக்கு ஆளில்லாவிட்டால் காலை முதல் மாலைவரை தண்ணீர் குடிக்காமல் பேச வேண்டும். எத்தனை ஆண்டுகளாக? ஏழு ஆண்டுகளாக! யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் அக்கா மைக் முன்னால் நின்றார். வசனத்தாளைக் கவிழ்த்து வைத்தார். "தாப்பா போட்டாத்தான் அழுவேன்" என்றார்.

தயாரிப்பு நிர்வாகி கெஞ்சினார். "நாளைக்குக் கண்டிப்பா போட்டுடறோம்மா."

"அப்ப நாளைக்குக் கண்டிப்பா அழறேன்."

ஒன்றரை மணி நேரத்தில் தாழ்ப்பாள் வந்தது. பொருத்தியவர் கீழ்க்கடைத் தையற்காரர். அக்கா போய் மூன்று முறை போட்டுத் திறந்து சோதித்துவிட்டு வந்து, ஐந்தாம் எண்ணில் ஒரு அழுகை கொடுத்தார் பாருங்கள், கண்ணாடி அதிர்ந்தது! பின் வரிசைச் சகோதரிகள் தலையாட்டுகிறீர்கள். அன்று நீங்கள் கட்டிப்பிடித்து நன்றி சொன்னபோது அவர் என்ன சொன்னார்? "எனக்காகத்தான்டி கேட்டேன். ஒங்களுக்கும் சேத்துத் தெறக்குது, அவ்வளவுதான்."

முதுகு சாய்கிற நாற்காலி வந்ததும் அப்படித்தான். நாற்பத்தேழு வயதில் நீச்சல் கற்றுக்கொள்கிறேன், இனி செவ்வாய்க்கிழமை காலையில் வர மாட்டேன் என்று அறிவித்ததும் அப்படித்தான். "பொண்ணுக்குத் துணைக்குப் போறீங்களாம்மா?" என்று நிர்வாகி கேட்டார். "அவளுக்குத் தண்ணின்னா பயம். நான் எனக்காகப் போறேன்" என்றார். இந்தப் பதிலை ஒரு நல்ல பெண்ணின் வாயில் வைத்து நான் ஒரு நாளாவது எழுதியிருக்கிறேனா? எழுதினால் அவளை நான்காவது எபிசோடில் திருத்தியிருப்போம்.

அந்த நீச்சல் குளத்திலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, உடை மாற்றும் அறையில் அக்கா யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்த ஓர் இளம்பெண் துண்டைக் கீழே போட்டுவிட்டாள். "நீங்க பெரிய அண்ணியா?" அக்காவுக்குப் பெருமை. "ஆமாம்மா" என்றார். அந்தப் பெண் கும்பிடவில்லை, கையெழுத்துக் கேட்கவில்லை. "நேத்து பசிக்குதுன்னு கொஞ்சம் முன்னாடி தட்டு எடுத்துட்டேன். எங்க மாமியார் டிவியக் காட்டி, அண்ணியே இன்னும் சாப்பிடல, ஒனக்கென்ன அவசரம்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. தட்ட வச்சிட்டேன்" என்றாள்.

மறுநாள் அக்கா என்னைப் பிடித்தார். முகத்தில் விளையாட்டு இல்லை.

"வசனம், அண்ணி கடைசியா எப்பப்பா சாப்பிட்டா?"

நான் பழைய தாள்களைப் புரட்டினேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் எபிசோடில் ஒரு கவளம் எடுத்தாள், தொலைபேசி அடித்தது. ஐந்நூற்று எண்பத்தெட்டில் ஒரு கவளம். வாசல் மணி அடித்தது. எண்ணூற்று மூன்றில் கவளம் உதடுவரை போயிற்று, கொழுந்தன் கைதானான். வாய்க்குள் போனதே இல்லை.

"என் வாயி சத்தத்த வச்சு எவளையோ பட்டினி போடறாங்க. எனக்குக் கேவலமா இருக்குப்பா. அவ ஒரு வேளை முழுசா சாப்பிடணும். நான் மெல்லணும். தண்ணி குடிக்கணும். கடைசில ஒரு ஏப்பம் விடணும்."

"ஏப்பமாக்கா? கதாநாயகி..."

"ஏப்பம் இல்லாட்டி பாதிலயே மணி அடிச்சிருக்கும்னு நெனப்பாங்க. முழுசா சாப்பிட்டான்னு வேற எப்படித் தெரியும்?"

எழுதுகிறேன் என்று சத்தியம் செய்தேன். செய்தேனா? இரண்டு ஆண்டுகள் டபாய்த்தேன். "கல்யாண எபிசோட் முடியட்டும்க்கா", "கோர்ட் எபிசோட் முடியட்டும்க்கா." கடைசியில் சென்ற மாதம் எழுதினேன். வீட்டில் எல்லாரும் வெளியூர் போயிருக்கிறார்கள். அண்ணி சமையலறையில் தட்டு எடுக்கிறாள். தனக்குத் தானே பரிமாறிக்கொள்கிறாள். உட்காருகிறாள். முழுச் சாப்பாட்டையும் சாப்பிடுகிறாள். தண்ணீர் குடிக்கிறாள். ஏப்பம் விடுகிறாள். இரண்டு நிமிடம் நாற்பது நொடி. ஒரு வசனம் கிடையாது. என் வாழ்நாளில் நான் எழுதிய உருப்படியான காட்சி அது ஒன்றுதான். அதில் என் எழுத்து ஒன்றுமில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

இயக்குநர் எடுத்தார். மூன்றாம் வரிசை அம்மையார் நடித்தார். மூன்று டேக்! முதல் இரண்டிலும் கடைசி நொடியில் கேமராவைப் பார்த்துக் காட்சியைக் கெடுத்து, மூன்று தட்டு முழுதாகக் காலி செய்தார். அம்மையாரே, அது தவறு அல்ல, பசி என்று எங்களுக்குப் பிறகு புரிந்தது. உங்களையும் அல்லவா இத்தனை ஆண்டுகளாகக் கவளத்தோடு நிறுத்தி வைத்திருந்தோம்!

சென்ற வாரத்துக்கு முந்திய வியாழக்கிழமை அக்கா அதற்கு டப்பிங் பேசினார். பேசினார் என்றா சொல்வது? மென்றார். அதுவே அவர் கடைசியாகப் பதிவு செய்தது. அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை காலை குளத்தின் நீளத்தை எட்டு முறை நீந்திவிட்டு, குளக்கரை பெஞ்சில் உட்கார்ந்து தலை துவட்டும்போது இதயம் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தா இல்லை. கைபிடித்து வாங்கிய வாக்குறுதி இல்லை. கடைசி வசனம் இல்லை. நான் எழுதியிருந்தால் பதினாறு எபிசோடு இழுத்திருப்பேன். அவர் ஒரு துண்டோடு முடித்துக்கொண்டார்.

இப்போது எதற்காக நான் இங்கே நிற்கிறேன் என்று சொல்கிறேன். அந்தக் காட்சி இன்னும் ஒளிபரப்பாகவில்லை. நம் நிகழ்ச்சி அதிகாரி அதைப் பார்த்துவிட்டு என்ன கேட்டார் தெரியுமா? "இது எதுக்கான விளம்பரம்?" என்றார். விளம்பரம் இல்லை, அண்ணி சாப்பிடுகிறாள் என்றோம். "அது சரி, பெல் எப்ப அடிக்கும்?" என்றார். அடிக்காது என்றோம். "அப்ப ஒரு பெல் போடுங்க. மூணாவது வாயில போட்டா கரெக்டா இருக்கும்" என்றார். ஒலிப்பதிவாளர் மணி ஓசையைத் தேடிக்கொண்டே இருக்கிறார், பத்து நாளாகக் கிடைக்கவில்லை. வாழ்க அவர்!

அதற்குப் பதிலாக வரும் வியாழக்கிழமை என்ன போடப்போகிறார்கள்? அக்காவுக்கு அஞ்சலியாம். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு எபிசோடுகளிலிருந்து பொறுக்கி எடுத்த பத்து நிமிட அழுகைத் தொகுப்பாம்! எல்லாம் ஐந்தாம் எண்! தாழ்ப்பாளுக்குப் போராடியவருக்கு அழுகைத் தொகுப்பா? எட்டு நீளம் நீந்தியவருக்கு அழுகைத் தொகுப்பா? அந்தத் தொகுப்பைப் பார்த்துவிட்டு இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை பேர் தட்டைக் கீழே வைக்க வேண்டும்?

தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார். சுருக்கமாக முடி என்கிறார். ஐயா, ஒரே ஒரு கேள்விதான். வியாழக்கிழமை அழுகையா, சாப்பாடா?

என்ன ஐயா? "கீழ எறங்குங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்கிறார். கீழே இறங்கினால் நான் தலையாட்டிவிடுவேன் ஐயா, எனக்கு என்னைத் தெரியும். இங்கேயே சொல்லுங்கள். அக்காவின் மகள் பார்க்கிறாள். பின் வரிசை முழுவதும் எழுந்து நிற்கிறது, நிமிர்ந்து பாருங்கள். நாளைக் காலை அழ வேண்டியவர்கள் அவர்கள்தான்!

"போடுங்க சார்!" சொன்னது யார்? அண்ணி! உங்கள் அண்ணியே சொல்கிறார், மூன்றாம் வரிசையிலிருந்து.

மைக்கைத் தயாரிப்பாளர் பக்கம் தள்ளுங்கள். என்ன சொன்னீர்கள் ஐயா? "சரி, போடலாம்." பெல் இல்லாமலா? "...பெல் இல்லாம." எல்லாரும் கேட்டீர்கள். அதிகாரி தண்ணீர் குடிக்கிறார். குடியுங்கள், நன்றாகக் குடியுங்கள். ஏப்பத்தோடுதானே ஐயா? "ஏப்பத்தோட போடறோம், விடுய்யா!" நன்றி ஐயா. கை தட்டாதீர்கள், இரங்கல் கூட்டம் இது. சரி, தட்டிக்கொள்ளுங்கள்.

அக்கா! உங்கள் பணியை நாங்கள் தொடர்வோம். இனி என் கையால் எழுதப்படும் எந்தப் பெண்ணும் வெறும் வயிற்றோடு படுக்க மாட்டாள். கவளம் எடுத்தால் அது வாய்க்குள் போகும். அவள் உட்காருவாள், தும்முவாள், தோழியோடு வம்பு பேசுவாள், வேண்டியதைக் கேட்பாள். இது உங்கள் படத்தின் முன் நான் எடுக்கும் உறுதி. நாற்காலியின் மீது ஆணை!

இத்தோடு இறங்கியிருப்பேன். ஆனால் ஒலிப்பதிவாளர் கதவோரம் நின்று என்னையே பார்க்கிறார். நான் சொல்லாவிட்டால் டீ குடிக்கும்போது அவர் சொல்லிவிடுவார்.

அந்த வியாழக்கிழமை அக்கா ஒரு ஏற்பாடு செய்திருந்தார். "ஒரு மணிக்கு அந்தக் காட்சிய வச்சுக்கலாம். அண்ணி சாப்பிடறப்ப நானும் நெஜமாவே சாப்பிடறேன்" என்றார். டிபன் பாக்ஸைச் சன்னலோர மேசையில் வைத்துவிட்டு, உள்ளே வேறு காட்சி பேசப் போனார். பன்னிரண்டரைக்கு நான் திருத்திய தாள்களோடு மாடியேறி வந்தேன். அன்று காலை நான் சாப்பிட்டிருக்கவில்லை. அறையில் யாரும் இல்லை. ஒரு வாய்தான் என்று மேலடுக்கைத் திறந்தேன்.

ஒரு மணிக்கு அக்கா வெளியே வந்தபோது நான் மூன்றாவது அடுக்கை வழித்துக்கொண்டிருந்தேன். "அக்கா, இதோ கீழ போயி வாங்கிட்டு வந்துடறேன்" என்று எழுந்தேன். அவர் பாக்ஸைப் பார்த்தார், என் விரல்களைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். ஒலிப்பதிவாளர் அடுத்த காட்சிக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். "பரவாயில்ல, நீ சாப்பிடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

ஆகவே வியாழக்கிழமை எட்டரைக்கு நீங்கள் கேட்கப்போகிற அந்த இரண்டு நிமிடம் நாற்பது நொடியும் அவர் வெறும் வாயைத்தான் மென்றார். கடைசியில் வருகிற ஏப்பம் மட்டும் அவருடையது அல்ல. வெறும் வயிற்றில் எவ்வளவு முயன்றும் அது வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்த என்னைக் கூப்பிட்டு, என்னுடையதை எடுத்துக்கொண்டார்கள்.